பாட்டிக்கு என்ன வாங்குவது?

முதுமையைக் கொண்டாடுவதற்கு நம்மவர்கள் வகுத்து வைத்திருக்கும் சடங்குகளுக்குக் குறைவே இல்லை. அறுபது வயது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதை எட்டினால் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம் என்று படிப்படியாக ஏற்பாடு செய்து, அவற்றை நடத்துவதற்கென்றே மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்கடையூரில் அமிர்தகடேசுவரரையும் அபிராமியையும் சாட்சியாக வைத்து, வருஷம் முழுவதும் மேளச் சத்தம் ஓயாதபடி செய்திருக்கிறார்கள். ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்வதற்கு ஒரு கணக்குக்கூட உண்டு. பிறைக்கும் பிறைக்கும் இடையே சராசரியாக இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று அதிகம் என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால், ஆயிரம் பிறைக்கு ஏறக்குறைய 80 வருஷமும் 10 மாதமும் ஆகின்றன. இத்தனை நுட்பமாகக் கணக்குப் பார்க்கிற சம்பிரதாயம் ஒரே ஒரு விஷயத்தில் கணக்கைக் கைவிட்டுவிடுகிறது. அந்த அறுபதும் எண்பதும் கணவருடைய வயது. பக்கத்து மனையில் உட்கார்ந்து மறுபடியும் தாலி கட்டிக்கொள்கிற அம்மாளுக்கு அன்றைக்கு ஐம்பத்து மூன்றா, எழுபத்திரண்டா என்று பத்திரிகை அச்சிடுகிறவர் கேட்பதும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும் பந்துக்கள் விசாரிப்பதும் இல்லை.

பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரியவளானால் தாய்மாமன் சீர், கல்யாணத்துக்குச் சீர்வரிசை, ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி இருக்கிற வரையில் வருஷந்தோறும் பொங்கல் சீர் என்று வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் இன்னாருக்கு மருமகள், இன்னாருக்குச் சகோதரி, இன்ன வீட்டுக்கு வாரிசு சுமப்பவள் என்ற உறவை முன்னிட்டு வந்தவை. அவள் பூமியில் வந்து பிறந்தாள் என்பதை மட்டும் ஒரு காரணமாகக் கொண்டு அவளுக்கு யாரும் ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்லை. ஆகவே பாட்டியின் பிறந்த நாள் என்பது நம் வீடுகளில் அண்மைக் காலத்தில் பேரக் குழந்தைகள் தாமாகவே உண்டாக்கிக்கொண்ட பண்டிகை என்றுதான் சொல்ல வேண்டும். தங்களுக்குக் கேக் வெட்டி, மெழுகுவத்தி ஊதி, சட்டை வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிட்ட பெரியவர்களைப் பார்த்து, ‘உனக்கு எப்போது?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்டதில் ஆரம்பித்த விசேஷம் இது. முன்மாதிரி இல்லாத பண்டிகை ஆனபடியால், அதற்கு என்ன வாங்குவது என்பதற்கும் முன்மாதிரி கிடையாது.

பரிசைத் தேடுவதற்கு முன்னால் தேதியைத் தேட வேண்டியிருக்கிறது. பேரன் பேத்திகளின் பிறப்புச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, சிறுகச் சிறுக அந்த ஒழுங்கு ஊர்ப்புறங்களுக்கும் வந்துவிட்டது. அதற்கு இருபது வருஷம் முன்னால், மருத்துவச்சியின் கையில் வீட்டுத் திண்ணைக்கு உள்ளறையில் பிறந்த பெண் குழந்தைக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லுவார். விரல் காதை எட்டினால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அர்த்தம். எட்டிய குழந்தைக்கு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை அவரே யோசித்து எழுதிக்கொள்வார். அந்த நல்ல மனிதரின் யோசனையில் உதித்த தேதிதான் பிற்பாடு குடும்ப அட்டையிலும், வாக்காளர் அட்டையிலும், இப்போது ஆதார் அட்டையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஜூன் முதல் தேதியில் பிறந்த பாட்டிமார்கள் நம் நாட்டில் இத்தனை பேர் இருப்பதற்குக் கிரகங்கள் பொறுப்பல்ல.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த ஆராய்ச்சி நடந்ததை அருகில் இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்காள், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற தம்பி, இருவருக்கும் தகப்பனாரைப் பெற்ற அப்பத்தாள். அட்டையில் இருந்த ஜூன் தேதியைக் காட்டிச் சிறுமி கேட்டபோது அந்த அம்மாள் சிரித்துவிட்டு, “அது வாத்தியார் போட்ட தேதித்தா. காந்தி செத்த சேதி ஊருக்கு வந்த அன்னிக்கு எனக்குப் பதினாறாம் நாளாம். தொட்டில்ல போட வச்சிருந்த பாயசத்தை யாரும் தொடலையாம்” என்றார். அவ்வளவு போதும், பிள்ளைகள் கணக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். காந்தியடிகள் மறைந்தது 1948 ஜனவரி 30 மாலை. கிராமத்துக்குச் செய்தி மறுநாள் வந்திருக்கும். மறுநாள் பதினாறாம் நாள் என்றால் பிறந்தது ஜனவரி 16. அந்த வருஷம் தைப் பிறப்பு 14-ஆம் தேதி. ஆகவே மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் பெரிய அத்தைக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்ததில், “பொங்கல் கழிச்சுப் பொறந்தவதான், கரும்புச் சக்கை கூட்டாம கெடந்துச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும்” என்று அங்கேயிருந்தும் சாட்சியம் கிடைத்தது. சரித்திரப் பேராசிரியர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஒப்பிட்டுக் காலத்தை நிர்ணயிப்பதைப் படித்திருக்கிறேன். அவர்களுடைய முறைக்கும் இந்தச் சிறுமியின் முறைக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நட்சத்திரப்படி கொண்டாடுகிற வீடுகளில் சங்கடம் வேறு விதமானது. அங்கே பாட்டிக்குத் தன் ஜன்ம நட்சத்திரம் தெரியும், மாதமும் தெரியும், தேதி என்று ஒன்று நிலையாக இராது. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ இருபத்தேழேகால் நாள் பிடிக்கிறது. தமிழ் மாதமோ இருபத்தொன்பது நாளிலிருந்து முப்பத்திரண்டு நாள் வரையில் நீளும். ஆகையால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வருவதும் உண்டு. அப்போது பின்னால் வருவதை எடுத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்க விரும்பும் குழந்தைகள் வருஷந்தோறும் புதுப் பஞ்சாங்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், கோயிலில் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் கேட்கும்போது, மகன் மருமகள் பேரன் பேத்தி அத்தனை பேருடைய நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பாட்டி, தன்னுடையதைச் சொல்ல மறந்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான்.

தேதி அகப்பட்டபின் பரிசு. குழந்தைகள் செய்கிற முதல் காரியம், நேரே போய்ப் பாட்டியையே கேட்பது. இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. “எனக்கு எதுக்குடா? நீங்க நல்லா இருந்தாப் போதும்” என்ற பதில் எல்லா ஜில்லாக்களிலும் ஒரே மாதிரி வருகிறது. அது பொய்யும் அல்ல. அறுபது வருஷ காலமாக, வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டுமே யோசித்துப் பழகிய மனசுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி திடீரென்று வரும்போது, உண்மையாகவே விடை தெரிவதில்லை. குழந்தைகளுக்குப் பாட்டியிடமிருந்து என்னென்ன கிடைக்கும் என்பது அத்துபடி. பாட்டிக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். முறுக்கு பிடிக்கும் என்பார்கள். பல் இல்லாத பாட்டி முறுக்குச் சுடுவது யாருக்காக என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கேட்பதை விட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று நாள் பாட்டியின் பின்னாலேயே சுற்றினால் போதும். பூத் தொடுக்கும்போது நாரைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடிக்கிறாளா. மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் பேரனிடம் நீட்டி வாசிக்கச் சொல்கிறாளா. சம்படத்து மூடியைத் திறக்கும்போது முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகுகிறாளா. ராத்திரி எழுந்து போகும்போது சுவரைத் தடவுகிறாளா. இந்த நாலும் நாலு பரிசுகளுக்கு வழி காட்டும். கண்ணாடி மட்டும் குழந்தைகள் தாமாக வாங்கிவரக் கூடாத வஸ்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்துகொடுக்காததால் வருகிற வெள்ளெழுத்துக்கு ஒரு கண்ணாடி. வில்லையே மங்கிப்போகிற புரைக்கு அறுவைச் சிகிச்சை. எது என்று சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குப் பாட்டியையே அழைத்துக்கொண்டு போக வேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால், கண்ணுக்காகப் பாட்டியைக் கூட்டிப்போக வழியில்லை என்று நம் பக்கத்தில் யாரும் சொல்ல இடமில்லை. கூடப் போய் வரிசையில் உட்கார்ந்து, மருந்து விட்ட கண்ணோடு அவள் தடுமாறும்போது கையைப் பிடித்துக்கொள்வதும் சிறுவர்கள் செய்யக்கூடிய காரியம்தான்.

கடைகளில் ‘பரிசுப் பொருள்’ என்று பலகை போட்டு விற்கிற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் சுழலும் பொம்மை, புகைப்படம் பதித்த பீங்கான் கோப்பை, இதய வடிவத் தலையணை எல்லாம் பாட்டியின் கைக்கு வந்த மறு நிமிஷமே ஷோகேசுக்குப் போய்விடும்; அங்கிருந்து தூசி தட்டும் வேலை ஒன்று அவளுக்கு அதிகமாகும்.

புடவை என்பது வேறு. புடவைக்கு ஆசைப்படாதவள் என்று யாரையும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் பட்டு வாங்கினால் அது பீரோவுக்குள் அந்துருண்டையோடு வாசம் செய்து, எந்தப் பேத்தியின் கல்யாணத்துக்கோ போய்ச் சேரும். வயதானவர்கள் உடம்பில் கனக்காத, வியர்வையை வாங்கிக்கொள்கிற, தினந்தோறும் கல்லில் அடித்துத் துவைத்தாலும் உழைக்கிற நூல் புடவையைத்தான் உடுத்துகிறார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி அழகானது, கட்டம் போட்டது, 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது, ஆனால் கொஞ்சம் கனம். மதுரைச் சுங்குடிதான் பாட்டிமார்களுக்கென்றே பிறந்த புடவை. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் துணியை மடித்து, நகக் கண்ணால் ஒரு சிட்டிகை கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சிட்டபின் சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு துணியை இழுத்துவிட்டால், முடிச்சு இருந்த இடமெல்லாம் சாயம் ஏறாமல் குட்டிக் குட்டி வெள்ளைப் புள்ளிகளாக மலர்ந்திருக்கும். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தும் கைமுடிச்சுக்குக் கூலி கட்டுப்படி ஆகாமல், மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் புள்ளி போடுவதே இப்போது பெரும்பான்மை. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று அச்சடித்த மாதிரி வரிசை பிசகாமல் இருந்தால் அச்சு. கொஞ்சம் பெரிதும் சிறிதுமாக, வட்டம் கோணி இருந்தால் கை. உண்டியல் காசில் அச்சுச் சுங்குடி வந்துவிடும். கைமுடிச்சுக்குத் தகப்பனாரின் ஒத்தாசை வேண்டும். முதல் நனைப்பு உப்புத் தண்ணீரில் என்று கடைக்காரரே சொல்லி அனுப்புவார்.

வாங்குமுன் இரண்டு விசாரணை அவசியம். பாட்டி உடுத்துவது ஆறு கஜமா, ஒன்பது கஜமா என்பது ஒன்று. மடிசார் கட்டுகிறவளுக்கு ஆறு கஜத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் பற்றாக்குறை. மற்றொன்று நிறத்தைப் பற்றியது. இதைப் பற்றிச் சற்று விவரமாகவே சொல்ல விரும்புகிறேன். கணவனை இழந்தவள் வெள்ளையோ, வெளிறியதோதான் உடுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்ந்து வருகிறது என்றாலும், பல வீடுகளில் சட்டம் போனபின்னும் பழக்கம் போகவில்லை. குழந்தை அரக்குச் சிவப்பில் கையை வைக்கிறது. உடன் வந்த சித்தி, “அது வேணாம்மா, அப்பத்தா கட்டாது” என்று தாழ்ந்த குரலில் சொல்லி, சாம்பல் நிறத்தை எடுத்துப் போடுகிறாள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வருவதில்லை. குழந்தை எடுத்த நிறத்தையே வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. உடுத்துவதும் உடுத்தாததும் அந்த அம்மாளின் இஷ்டம். அவள் சார்பில் கடையிலேயே மறுத்துவிடுகிற அதிகாரத்தைச் சித்திக்கு யார் கொடுத்தது? மகன் வாங்கிக் கொடுத்தபோது ‘ஊர் என்ன சொல்லும்’ என்று மடித்து வைத்ததைப் பேத்தி வாங்கிக் கொடுத்தாள் என்ற சாக்கில் உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போன பாட்டிகள் இருக்கிறார்கள்.

பாட்டுக் கேட்கிற பாட்டிக்கு வானொலிப் பெட்டி நல்ல பரிசு. சரிகம கம்பெனியார் 2017-ல் கொண்டு வந்த கார்வான் என்ற பெட்டி ஐயாயிரம் பழைய பாட்டுக்களை வயிற்றில் அடக்கிக்கொண்டு, திருகினால் பாடும்படி அமைந்திருப்பது, கைப்பேசியின் வழவழத்த கண்ணாடியில் விரல் நிற்காத வயதுக்கு உபகாரமானது. விலைதான் குழந்தைகளுக்குச் சற்று எட்டாத தூரம்.

பல்லாங்குழி எட்டும். ஏழு குழி வீதம் இரண்டு வரிசை, ஆகப் பதினான்கு குழி. புளியங்கொட்டையோ சோழியோ கொஞ்சம். மீன் வடிவத்தில் மடக்குகிற மரப் பலகையானால் விசேஷம். இதை வாங்கிக் கொடுக்கிறவன் ஒரு பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இது ஒற்றை ஆளாக ஆடுகிற ஆட்டம் அல்ல. கொட்டையை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழியை எடுத்துத் தொடர்ந்து, வெற்றுக் குழி குறுக்கிட்டால் அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்ததை வாரிக்கொண்டு, நாலு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று அவரவர் பக்கத்தில் அவரவர் எடுத்துக்கொள்கிற இந்த ஆட்டத்தில், எண்கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையன்கள் பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் அடுத்தடுத்துத் தோற்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் குழியில் ஆரம்பித்தால் கை எங்கே போய் நிற்கும் என்பதைப் பாட்டி கொட்டையைத் தொடுவதற்கு முன்பே கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுகிறாள்.

நான் சொன்ன மதுரைப் பிள்ளைகள் இவை ஒன்றையும் வாங்கவில்லை. அப்பத்தாள் காலையில் காப்பி குடிக்கிற டம்ளரைக் கவனித்ததில் அவர்களுடைய ஆராய்ச்சி வேறு திசையில் திரும்பிற்று. அது விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளர்; அதில் யாரோ முன்பின் தெரியாத இருவருடைய கல்யாணத் தேதி வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்த தம்பிக்கு ருசி பிறந்து, சமையற்கட்டில் இருந்த பாத்திரம் முழுவதையும் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நம் வீட்டுப் பாத்திரங்களைப் போல் குடும்ப சரித்திரம் பேசுகிறவை வேறு இல்லை. அண்டாவில் தாத்தாவின் இனிஷியலும் 1966-ம். அடுக்கில் சின்ன அத்தையின் பெயர், அவள் எடுத்துப்போக மறந்தது. தூக்குவாளியில் ‘புதுமனை புகுவிழா அன்பளிப்பு’. ஒரு தாம்பாளத்தில் காலமானவர் ஒருவருடைய ‘நினைவாக’. சிறுமி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அப்பத்தாளின் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

கேட்டபோது அந்த அம்மாள் சொன்ன விடை, ஒரு காலத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். “என் பேர் போட்ட குத்துப்போணி, செம்பு, பித்தளைப் பானை எல்லாம் சீரா வந்துச்சு. எவர்சில்வர் வந்தப்ப, புளி போட்டுத் தேய்க்க யாரால ஆகும்னு எடைக்குப் போட்டாச்சு.” பழைய பித்தளையை நிறுத்துக் கொடுத்துப் பளபளக்கும் புதுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்ட அந்த வருஷங்களில் எத்தனை பெண்களுடைய பெயர்கள் உலைக்குப் போய் உருகின என்பதை யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது.

பரிசு தீர்மானமாகிவிட்டது. பித்தளையில் ஒரு டபரா செட், அதில் அப்பத்தாளின் பெயர். பாத்திரக் கடையில் உண்டியல் காசைப் பத்தும் இருபதுமாக எண்ணி வைத்ததும், பெயர் வெட்டுகிறவர் கைமெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, “யார் பேர் போடணும் பாப்பா?” என்றார். அங்கேதான் சிக்கல். குடும்ப அட்டையில் ஒரு பெயர். வாக்காளர் அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில். பிறந்த வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது ஒன்று. இனிஷியலோ அதைவிடச் சங்கடம்: அப்பத்தாளுடைய அப்பாவின் எழுத்தைப் போடுவதா, தாத்தாவின் எழுத்தைப் போடுவதா? வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “புருஷன் பேர்தாம்மா போடணும்” என்று கேளாமலே தீர்ப்புச் சொன்னார். அக்காளும் தம்பியும் கடை வாசலுக்குப் போய்க் கூடிப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, இனிஷியல் வேண்டாம், பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும் போதும் என்றார்கள். மெஷினின் முள் உறுமிக்கொண்டு பித்தளையில் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. பெயருக்குக் கீழே 16-1-1948 என்று போடச் சொன்னபோது, அவர் நிமிர்ந்து, “இது கல்யாணத் தேதியா?” என்றார்.

“இல்லண்ணே, எங்க அப்பத்தா பொறந்த தேதி.”

“பொறந்த தேதியா! இம்புட்டு வருஷத்துல யாரும் போடச் சொன்னதில்லையே” என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் எண்களைச் சற்று ஆழமாகவே வெட்டிக் கொடுத்தார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் புது டம்ளரில் காப்பி வந்தது. அந்த அம்மாள் பெயரைப் பார்த்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவர் முதலில் பார்த்தது டம்ளரின் உட்புறத்தைத்தான். “ஈயம் பூசியிருக்கானா?” என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பூசியிருந்தது. அடுத்த கேள்வி, எல்லாப் பாட்டிமார்களும் கேட்பது: “என்ன வெலை?” இந்தக் கேள்விக்கு உண்மை சொல்லக் கூடாது என்பது நம் நாட்டில் பிள்ளைகள் யாரிடமும் கற்காமலே தெரிந்துகொள்கிற தர்மம். கொடுத்தது அறுநூறு ரூபாய். தம்பி கொஞ்சம்கூடக் கூசாமல், “இருநூத்தம்பது” என்றான்.

“இந்தத் தகட்டுக்கா! கூட ஒரு அம்பது ரூபாய் வாங்கிட்டான்டா உங்ககிட்ட. அடுத்த வாட்டி என்னையக் கூட்டிட்டுப் போங்க” என்றார் அப்பத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் பொங்கல் காசு கொடுத்ததால், அந்தப் பிறந்த நாளில் பிள்ளைகளுக்கு நானூறு ரூபாய் லாபம்.